பதில் விசில்

எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

பிரசங்கம் புரியாத வயதிலிருந்தே நான் இதைப் பார்த்திருக்கிறேன். சபைப் போதகரான ஐயர் மைக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு, "கர்த்தர் உங்களுக்குச் செஞ்ச நன்மையைச் சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்திருப்பார். அதே நேரத்தில் கடைசி வரிசை ஓரத்தில் மாமாவும் எழுந்திருப்பார். முன்னால் நிற்பவர் காய்ச்சல் விட்டதையோ மகனுக்கு வேலை கிடைத்ததையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் மணிச்சத்தம் கேட்கும். டிங். சாட்சி தொடரும். சற்றுக் கழித்து மறுபடி, டிங். "லிஃப்டும் சாட்சி சொல்லுது" என்று பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

வாடகைக்கு எடுத்த கூடம் அது. கட்டடத்தின் மேல்தளம். கீழே ஒரு பல் மருத்துவர், ஒரு கணினி வகுப்பு, தெருவைப் பார்த்தபடி சில கடைகள். ஒருமுறை மாமா பின்னாலேயே போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது. இடது கையால் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலை மட்டும் உள்ளே வைத்து, தரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். சூடான தண்ணீரில் காலை வைத்துப் பார்ப்பதுபோல. பிறகு காலை எடுத்துக்கொண்டார். கதவு மூடியது. லிஃப்ட் இறங்கிப் போகும் வரை நின்றுவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார். உள்ளே பாட்டு தொடங்கியதும் ஒன்றும் நடக்காதவர்போல வந்து உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது எல்லோரும் லிஃப்டில் இறங்கினோம். அவர் படியில் இறங்கினார்.

"உன் மாமாவுக்கு ஞாயித்துக்கிழமையும் டியூட்டிதான்" என்று அம்மா சொல்வாள். மாமா அம்மாவின் அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அதனால் அம்மா சொன்னதை நான் பல வருஷம் நம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மாமா பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு லிஃப்ட் கம்பெனியில் சாமான் தூக்கும் ஆளாகச் சேர்ந்தவர். அதே நாளில் அதே வாசலில் வேலை கேட்டு நின்ற இன்னொருவரும் சேர்ந்தார். அவர் நல்ல உயரம், மாமா அவருடைய தோளுக்கு வருவார். கம்பெனியில் இருவருக்கும் பேர் வைக்க யாரும் அதிகம் யோசிக்கவில்லை. நெட்டை, குட்டை. எந்தக் கட்டடத்துக்கு அனுப்பினாலும் சேர்ந்தே அனுப்பினார்கள். மாமாதான் நெட்டையைச் சபைக்குக் கூட்டிவந்தார். சபையில் தையல் தைக்கத் தெரிந்த ஒரு பெண்ணை நெட்டைக்குப் பார்த்துக் கட்டி வைத்ததும் மாமாதான்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் மாமாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுதான் அதன் கம்பிக் கயிறுகளைப் பார்ப்பார்கள். ஒருவர் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். பெட்டியைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திப் பிடிப்பது அவர் பொறுப்பு. மற்றவர் கீழே ஏதோ ஒரு தளத்தில் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்து, பெட்டியின் கூரைமேல் கால் வைப்பார். உள்ளே கும்மிருட்டு. கூப்பிட்டால் குரல் சுவருக்குச் சுவர் மோதி என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. அதனால் விசில். கீழே இருப்பவர் ஒரு விசில் அடித்தால், பெட்டி நிற்கிறதா என்று கேள்வி. மேலே இருப்பவர் பார்த்துவிட்டு இரண்டு விசில் அடித்தால், நிற்கிறது, வா என்று பதில். பதில் வராவிட்டால் கால் வைக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டும்.

நெட்டை இந்த விஷயத்தில் வெறிபிடித்தவர் என்று அவருடைய மனைவியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். "வீட்டுல குளியலறைக் கதவைக்கூட விசில் அடிச்சிட்டுத்தான் தொடுவாரு. நான் தலை நிறைய சோப்பு நுரையோட நின்னுக்கிட்டு ரெண்டு விசில் அடிக்கணும். அடிக்கலைன்னா வெளியவே நிப்பாரு மனுஷன், வேலைக்கு நேரமானாலும்." அவளுக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

அந்த நெட்டைதான் ஒரு நாள் மத்தியானம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் கதவைத் திறந்து, பெட்டி இல்லாத குழியில் கால் வைத்தார்.

மாமா உச்சியில் இருந்தார். மோட்டார் அறையில் இல்லை, அதன் வாசலுக்கு வெளியே. மத்தியானத்தில் எங்கே இருந்தாலும் கொஞ்ச நேரம் ஜெபம் செய்வது அவருடைய பழக்கம். பெட்டியை நிறுத்தி, அது நகராதபடி பிடிக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டு, மோட்டார் சூட்டுக்கு வெளியே மாடிச்சுவர் நிழலில் போய் மண்டியிட்டார். சுவிட்ச் தேய்ந்துபோய்ச் சரியாகப் பிடிக்கவில்லை. கீழே யாரோ பொத்தானை அழுத்த, பெட்டி தன்பாட்டுக்கு இறங்கிப் போனது. அன்றைக்கு மாமாவும் ஆறாவது மாடிக்கு இறங்கிவந்து இருவரும் சேர்ந்து பெட்டியின் கூரைமேல் ஏறுவதாகத்தான் இருந்ததாம். ஜெபத்துக்காக மாமா பின்தங்கினார். ஒரு விசில் கேட்டது. ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பார்த்து பதில் கொடுக்கலாம் என்று நினைத்தார். ஆமென் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. அதைப் பற்றி மாமா யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. 'அந்தச் சத்தம்', அவ்வளவுதான்.

விசாரித்த கம்பெனி அதிகாரிகள், நெட்டை பதிலுக்குக் காத்திராமல் கால் வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். சபையிலும் அதுவே பேச்சானது. நல்ல மனுஷன், ஆனா அவசரக்குடுக்கை.

பிறகுதான் அந்தச் சாட்சி. நடந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். நான் அப்போது பிறக்கவில்லை. அம்மாவும் மாமாவின் மனைவியான அத்தையும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அப்போதிருந்த ஐயர் மாமாவை விடவில்லை. "எவ்வளவு பெரிய கிருபை! மூடி வைக்கலாமா? பத்துப் பேருக்கு விசுவாசம் பெருகும், எழுந்து சொல்லுங்க" என்று வாராவாரம் நெருக்கினார். எங்கள் ஆட்களுக்கு ஒரு நன்மையை ருசிக்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றாது. மாமாவுக்கும் தோன்றவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டார்: அந்த நேரம் நான் ஜெபத்தில் இருந்தேன், ஜெபம் என்னைப் பிடித்து நிறுத்தியது, இல்லாவிட்டால் நானும் அந்தக் கதவருகில் நின்றிருப்பேன், கிருபையால் உயிரோடிருக்கிறேன்.

சபை மொத்தமும், "ஸ்தோத்திரம்" என்றது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நெட்டையின் மனைவியும் சொன்னாள். எல்லோரும் சொல்லும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. எழுந்து நின்றாள்.

"அண்ணே, அவரு விசில் அடிச்சாரா?"

"அடிச்சான், தங்கச்சி."

"பதில் வந்துச்சா?"

மாமா நின்றார். ஐயர் மேடையிலிருந்து, "எல்லாம் தேவ சித்தம்மா, உட்காருங்க" என்றார்.

"சித்தம் சரிங்க ஐயரே. நான் விசிலைத்தான் கேக்கறேன்."

மாமா சொன்ன பதில் எல்லோருக்கும் கேட்டது. "தெரியல, தங்கச்சி."

"தெரியும்போது சொல்லுங்கண்ணே. நான் எங்கயும் போகப் போறதில்ல."

அவள் போகவும் இல்லை. சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு கடையைப் பிடித்துத் தையல் மெஷினைப் போட்டாள். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் தையலக்கா. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து மாமா படியில் இறங்கி வரும்போது கீழே நிற்பாள். "என்னண்ணே?" என்பாள். "இன்னும் இல்ல, தங்கச்சி" என்பார் மாமா. அவ்வளவுதான் பேச்சு. சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. துணி தைக்கிறவள் அவள், ஆனால் துணி இன்னும் தயாராகவில்லை என்று சாக்குச் சொல்கிறவர்போல மாமா நிற்கிறாரே என்று நினைப்பேன்.

மாமா வீட்டில் குக்கர் கிடையாது. அத்தை எல்லாவற்றையும் திறந்த பாத்திரத்தில்தான் வேகவைப்பாள். "ஊருல எல்லாரும் எத்தனை விசில் விடணும்னு சமையல் குறிப்பு கேக்கறாங்க. நம்ம வீட்டுல பருப்பு வேகறதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடும்" என்று என்னிடம் முணுமுணுப்பாள். மாமாவிடம் முணுமுணுத்ததில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் அடிக்கும்போது மாமா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். ஒரு விசிலோடு அது நின்றுவிட்டால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். அடுத்ததும் அதற்கடுத்ததும் வந்துவிட்டால் கையில் இருந்ததை மறுபடி எடுத்துக்கொள்வார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் இவை எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எனக்குத் தெரிய ஆரம்பித்தன. அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் சேர்ந்து வாரம் ஒருநாள் கூடுவோம். பாடுவோம், ஜெபிப்போம், அதைவிட அதிகமாகச் சண்டை போடுவோம். எல்லாம் முன்னமே தீர்மானிக்கப்பட்டது, யாருக்குக் கிருபை யாருக்கு இல்லை என்பதுகூட, என்று வாதாடுகிற ஒருத்தன் இருந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான், இங்கே அடங்க மாட்டான். நான் மனிதனுக்குச் சுயசித்தம் உண்டு என்ற கட்சி. விருப்பம் இல்லாதவனிடம் அன்பை எப்படி எதிர்பார்க்க முடியும், பொம்மையா நாம், என்று கேட்பேன். ஒருநாள் அவனை மடக்கிவிட்டேன். எல்லாம் முடிவானது என்றால் எதற்காக ஜெபிக்கிறாய், முடிவான பரீட்சை முடிவுக்குப் போய் மனு கொடுப்பாயா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தெம்பு ஆறுவதற்குள் மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா தரையில் செய்தித்தாளை விரித்து, மின்விசிறியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் ஜெயித்த கதையைச் சொன்னேன்.

"அடேயப்பா, பட்டதாரியம்மா" என்றார். "சுயசித்தம்னா என்ன? விளக்கு, கேட்போம்."

"நாமளா நினைச்சு நாமளா செய்யறது, மாமா. அதனாலதான் அதுக்கு நாம பொறுப்பு."

"நினைக்காம செஞ்சா?"

"நினைக்காம என்ன செய்வாங்க?"

அவர் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "நான் பேப்பர் படிக்கறப்போ உங்க அத்தை என்னமோ கேப்பா. நான் 'ம்' சொல்லிடுவேன். அப்புறம் சொல்லவே இல்லைன்னு சாதிப்பேன்."

"சாதிக்கறதாவது! சத்தியமே பண்ணுவாரு" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "போன வாரம் உங்கம்மாவைச் சாப்பிடக் கூப்பிடவான்னு கேட்டேன், ம்னாரு. அவங்க வந்து வாசல்ல நிக்கறாங்க, இவரு லுங்கியோட உக்காந்துக்கிட்டு என்ன திடீர்னு வந்திருக்கேங்கறாரு."

நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். ஒரு கணம்தான். பிறகு எண்ணெய்க் குப்பியை மூடி ஓரமாக வைத்தார்.

"அந்த 'ம்' யாருது? அதுக்கு யாரு பொறுப்பு?"

அவர் எங்கே வருகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவரை நான் நினைத்திருந்தது, பதில் விசில் கொடுக்கவில்லையே என்றுதான் மாமா உருகுகிறார் என்று. அவர் பயந்தது வேறு.

"நான் அடிக்கலைன்னுதான் விசாரிச்ச அதிகாரிங்ககிட்ட சொன்னேன். அடிச்ச ஞாபகம் இல்ல, அதனால அடிக்கல. ஆனா நெட்டை பதில் வராம கால் வைக்கற ஆளா? அவன் ஒரு விசில் அடிச்சா என் வாய் ரெண்டு அடிக்கும். வருஷக்கணக்கா அடிச்ச வாய். பாதித் தூக்கத்துலயும் அடிச்சிருக்கேன்னு உங்க அத்தை சொல்வா. கண்ணை மூடி மண்டி போட்டிருந்தேன். ஜெபத்துல இருந்தேன்னு சாட்சி சொன்னேனே, என்ன ஜெபம் பண்ணேன்னு கேளு. ஞாபகமே இல்ல. வாய் பாட்டுக்கு ஏதோ சொல்லிட்டிருந்தது. மனசு எங்கயோ மேஞ்சுட்டிருந்தது. அந்த வாய் நடுவுல ரெண்டு விசில் அடிச்சிச்சா இல்லையா? எனக்கே தெரியல."

"தெரியாம செஞ்சா அது பாவம் இல்ல, மாமா."

"நான் பாவமான்னா கேட்டேன்? நடந்துச்சான்னு கேக்கறேன்." மின்விசிறியின் இறக்கையை ஓரமாகத் தள்ளினார். "அந்தப் பொண்ணுக்கு அது தெரியணும். அவ புருஷன் தொழில் மறந்து செத்தானா, இல்ல, என் பேச்சை நம்பிச் செத்தானான்னு. அது ஒண்ணுதான் கேக்கறா. நானும் அதைத்தான் தினம் கேக்கறேன், மேல. அந்த ஒரு நிமிஷத்தைக் காட்டுன்னு."

அவரே கேட்டார். "நீ படிச்சவ, சொல்லு. நடந்து முடிஞ்சதுக்கு ஜெபம் பண்ணலாமா? காட்டுன்னு கேக்கறது இருக்கட்டும். அவன் காலை எடுத்து வைக்காம இருக்கணும்னு இப்ப ஜெபம் பண்ணா, அது அங்க போய்ச் சேருமா?"

நான் அதை இப்போதுள்ள ஐயரிடம் கேட்டேன், யார் கேட்டது என்று சொல்லாமல். இளைஞர், நிறைய வாசிக்கிறவர், யோசித்துத்தான் பேசுவார். நாளைக்குச் செய்யப்போகும் ஜெபத்தை நேற்றே கேட்க வல்லவர் தேவன், அவருக்கு முன்னும் பின்னும் கிடையாது, எல்லா நேரமும் அவருக்கு இப்போதுதான் என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாகத் தோன்றியது. பலகாரப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைபோல அதை மாமாவிடம் கொண்டுபோனேன்.

மாமா முழுவதையும் கேட்டார்.

"எல்லாமே அவருக்கு இப்பதானா?"

"ஆமா மாமா."

"அப்போ நெட்டை இன்னும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கான்."

அதற்குப் பிறகு நான் அவரிடம் யாருடைய விளக்கத்தையும் கொண்டுபோகவில்லை. கல்லூரிக் கூட்டத்திலும் என் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பையன் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பான். நினைக்கட்டும். எனக்கு அவனுடைய கட்சியும் பிடிக்கவில்லை. என்னுடையதும் பிடி கொடுக்கவில்லை. மாமாவின் ஜெபம் அவரைக் காப்பாற்றியது உண்மை. அதே ஜெபம்தான் அவருடைய கவனத்தை மூடியது என்பதும் உண்மை. ஒரே ஜெபம் ஒரு பக்கம் கிருபையாகவும் மறுபக்கம் திறந்த குழியாகவும் இருக்குமா? இருந்தால், அதைக் கேட்ட தேவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இதை எழுதும் இந்த நேரம்வரை எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் கை வரவில்லை.

மாமா ஓய்வு பெற்ற பிறகு அவருடைய இதயம் தளர்ந்துவிட்டது. நடந்தால் மூச்சு வாங்கியது. சபைக்குப் படியேற முடியாது, லிஃப்டில் ஏற மாட்டார், அதனால் ஞாயிறு வருவதும் நின்றது. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். தையலக்கா கடையை மத்தியானம் அடைத்துவிட்டு வந்து பார்ப்பாள். கட்டிலருகே உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், அல்லது அத்தையின் கிழிந்த தலையணை உறையை எடுத்துத் தைப்பாள். போகும்போது, "என்னண்ணே?" மாமா, "இன்னும் இல்ல, தங்கச்சி."

அன்றைக்கு அத்தை மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் இருந்தேன். மாமாவின் மத்தியான ஜெப நேரம். மண்டியிட முடியாததால் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தார். கைகள் போர்வைமேல் இருந்தன. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. தையலக்கா வந்து வாசற்படியில் நின்றாள். நான் எழுந்திருக்கப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவரையே பார்த்தபடி நின்றாள். அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று முடிவாவதைப் பார்த்தேன். என்னவென்று புரிவதற்குள் அவள் உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தாள். சின்ன விசில். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மாமாவின் உதடுகள் நின்றன. குவிந்தன. இரண்டு விசில் வந்தது. மெலிசாக, ஆனால் சுத்தமாக. பிறகு உதடுகள் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தன. கண்ணிமைகூட அசையவில்லை.

தையலக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மாமா ஆமென் சொல்லும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். "அட, தங்கச்சியா? எப்ப வந்த?"

"இப்பத்தாண்ணே."

"ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"வெயில்ல வந்தேன், அதான்" என்றாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினாள். வாசலில் நின்று கேட்டாள், "என்னண்ணே?"

"இன்னும் இல்ல, தங்கச்சி."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் பிடித்தேன். "அக்கா, தெரிஞ்சிடுச்சுல்ல? அவர் அடிச்சிருக்காரு."

"இன்னிக்கு அடிச்சாரு."

"அப்போ அன்னிக்கும்..."

"அன்னிக்கும் அடிச்சாரான்னு இன்னிக்கு அடிச்சது எப்படிச் சொல்லும்? அடிச்சிருக்கலாம். அது எனக்கு எப்பவுமே தெரியும்." அவள் கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது. "நான் பண்ணது தப்பு. ஜெபம் பண்ற மனுஷன் வாயைத் திருடிப் பாத்த மாதிரி. பொறுக்க முடியாம பண்ணிட்டேன்."

"மாமாகிட்ட சொல்லிடலாம் அக்கா. இத்தனை வருஷமா தவிக்கறாரு."

"சொல்லாத." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னேன்னா நாளைக்கே 'ஆமா தங்கச்சி, ஞாபகம் வந்துடுச்சு'ம்பாரு. எனக்கு நிம்மதி வரட்டும்னு தன் தலையில போட்டுக்குவாரு. அவர் குணம் எனக்குத் தெரியாதா? அப்புறம் அது உண்மையா, எனக்காகச் சொன்னதான்னு நான் சாகற வரைக்கும் யோசிச்சிட்டிருக்கணும். எனக்கு அது வேண்டாம். தானா வரணும்."

"வராட்டி?"

"வரணும்னுதான் நானும் தினம் ஜெபம் பண்றேன். அவர் கேக்கறதையேதான் நானும் கேக்கறேன். மனுஷனால முடியாததை மனுஷனுக்குள்ள கொண்டுவந்து போடறதுதானே கிருபைங்கறாங்க. போடட்டுமே." கையை விட்டாள். "வராட்டி வரல. பதில் வாங்காமயே போயிடறேன்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் அவள் சொன்னதுபோலவே மாமா தலையை ஆட்டுவதுதான் தெரிகிறது.

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டு மேல்தளத்தில் இருந்தது. தள்ளுபடுக்கையில் லிஃப்டுக்குள் கொண்டுபோகும்போது அவர் முகத்திலிருந்த ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "தரை இருக்கா, பாரு" என்றார். நான் காலை வைத்து அழுத்திக் காட்டினேன். "இருக்கு, வாங்க மாமா" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான், அந்தக் கேள்வியை விசிலாக அவரிடம் கடைசியாகக் கேட்டது யார், இந்தப் பதிலை அவர் யாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் என்னை அருகே வரச் சொன்னார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தங்கச்சிகிட்ட சொல்லிடு. இன்னும் இல்லன்னு."

அன்று சாயங்காலம் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் ஐயர் சாட்சிக்கு யாரையும் அழைக்கவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, நான் தையல் கடைக்குப் போனேன். தையலக்கா யாருடைய சட்டைக்கோ காலர் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியை நிறுத்தவில்லை.

"மாமா ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"இன்னும் இல்லைன்னுதானே?"

"ம்."

"எப்பச் சொன்னாரு?"

"அன்னிக்கு மத்தியானம்."

"ஜெபத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

அவள் கத்தரியைத் துணிமேல் வைத்தாள். மேலே, சபைக் கூடம் இருக்கும் தளத்தில், லிஃப்ட் வந்து நிற்கும் மணிச்சத்தம் கேட்டது. இருவரும் கூரையைப் பார்த்தோம். பல் மருத்துவரிடம் வந்தவர் யாரோ தெரியாமல் மேலே போயிருப்பார். லிஃப்ட் இறங்கி வரும் இரைச்சல் சுவருக்குள் கேட்டு, எங்கள் பக்கத்தில் வந்து அடங்கியது.

"அப்போ அவருக்குக் காட்டவே இல்ல" என்றாள் தையலக்கா. கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

அவள் இன்னும் அதே கட்டடத்தின் கீழேதான் தைக்கிறாள். நெட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் சபையில் இன்னும் அவசரக்குடுக்கை என்றுதான் சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் படிக்குக் கீழே வந்து நிற்கிறாள். நான் இறங்கி வரும்போது என்னை ஒருமுறை பார்க்கிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. மாமா கொடுக்க வேண்டிய பதில் அது.